அரைப்படி நெல்லிலிருந்து தொடங்குவோம்

"சார், நந்தன் தானா நெருப்புல எறங்குனாரா, இல்ல எறக்குனாங்களா?"

எங்கள் தெருவில் நடக்கும் மாலை நேரப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி இது. காலையில் இதையே பள்ளிக்கூடத்திலும் கேட்டிருக்கிறாள். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத, ஒக்காரு" என்று பதில் கிடைத்திருக்கிறது. உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் அதே கேள்வியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எங்களுக்குச் சிதம்பரம் பக்கம். நந்தன் எங்களுக்குப் புராணத்து ஆள் இல்லை, பக்கத்து ஊர்க்காரன். பெரியபுராணம் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரியும். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவன், தில்லைக்குப் போக ஆசைப்பட்டு 'நாளைப் போவேன், நாளைப் போவேன்' என்று காலம் தள்ளுகிறான். கடைசியில் போகிறான். கோயிலுக்குள் நுழைய வழியில்லை. கனவில் ஆண்டவன் கட்டளை. தெற்கு வாசலுக்கு வெளியே தில்லைவாழ் அந்தணர்கள் தீக்குழி அமைக்கிறார்கள். இறங்குகிறான். பூணூலும் சடைமுடியுமாக முனிவராக வெளியே வருகிறான். உள்ளே போகிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

1980களின் நடுவில் நான் ஏழாவது படித்தபோது இந்தக் கதையை எங்கள் வாத்தியார் உருகி உருகிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மூலையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து, "நந்தன் மாதிரி பக்தியா இருக்கணும்டா" என்றார். மற்ற பிள்ளைகளும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தக் கதை எங்களைப் பற்றியது, ஆனால் எங்களுக்காகச் சொல்லப்படவில்லை. கேள்வி கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. முப்பத்தைந்து, நாற்பது வருட இயக்கத்தில் இதுவாவது மிஞ்சியிருக்கிறதே என்று சந்தோசப்பட்டேன்.

ஆனால் அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? அதைப் பற்றித்தான் தோழர்களோடு பேச வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

*

ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளிடம் நம்முடைய வரலாற்றை, அதிலும் ரத்தமும் சாம்பலுமாக இருக்கிற வரலாற்றைச் சொல்லலாமா? 'சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? அதுங்க மனசு கெட்டுப்போயிடாதா?' இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அதன் உள்நோக்கம் நமக்குத் தெரியும். நம் தெருவிலிருந்தே, பெற்றவர்களிடமிருந்தே வரும்போது அப்படி உதறித் தள்ளிவிட முடியாது. தாங்கள் பட்டதைப் பிள்ளைகள் அறியாமல் வளர வேண்டும் என்று நினைப்பதும் ஒருவிதப் பாசம்தான்.

ஆனால் பிள்ளைகள் அறியாமலா இருக்கிறார்கள்? பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கணும் என்று தெரியும். எந்த வீட்டு வாசலோடு நிற்க வேண்டும் என்று தெரியும். எந்த வாத்தியார் யாரைக் கூப்பிட்டுக் கக்கூஸ் கழுவச் சொல்வார் என்று தெரியும். சாதி அவர்களுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டது. அது 'வயசு வரட்டும்' என்று காத்திருக்கவில்லை. சொல்லிக் கொடுக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான்: ஏன் இப்படி? யார் செய்தது? யார் எதிர்த்தது? இதைச் சொல்ல ஆளில்லாதபோது பிள்ளை தானாகவே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. "நம்மகிட்டதான் ஏதோ கொறை இருக்கு போல." இந்தப் பதிலைவிடவா வரலாறு பிள்ளையின் மனசைக் கெடுத்துவிடும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் இல்லை, கூடப் படித்த மாணவர்கள். அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகள் அதில் இருந்தன. நல்லது. கயிற்றை அறுக்கத்தான் வேண்டும். ஆனால் கயிறு கட்டிய அந்தக் கைக்கும் வரலாறு சொல்லித்தரப்பட்டிருக்கிறது. எங்கே? வீட்டில், சாதிச் சங்க மாநாட்டில், வாட்சப்பில். 'ஆண்ட பரம்பரை' என்று. பள்ளிக்கூடம் வாய் மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்காது தோழர்களே. அதை யார் நிரப்புவார்கள் என்று நாங்குநேரி காட்டிவிட்டது.

ஆகவே சொல்லலாமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. அதில் நானே பெரிய தப்புப் பண்ணியிருக்கிறேன்.

*

பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் 25. வெண்மணி நினைவுநாள். எங்கள் பள்ளியில் வெண்மணி பற்றிப் பேசினேன். கையில் சில புகைப்படங்கள் இருந்தன. கருகிய உடல்கள். 'உண்மை தெரியட்டும், கோபம் வரட்டும்' என்று வரிசையாகக் காட்டினேன். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். நல்ல வகுப்பு என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

மூணாவது நாள் ஒரு பையனின் அப்பா வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், இயக்கத்தில் இருப்பவர். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. புள்ள ராத்திரியில தூங்க மாட்டேங்குறான். கதவ வெளிய யாராச்சும் பூட்டிட்டா என்னப்பா பண்றதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நான் என்னான்னு சொல்றது?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், நான் அந்தப் பையனுக்கு வெண்மணியின் வரலாற்றைச் சொல்லவே இல்லை. பண்ணையார் சொல்ல விரும்பியதையே சொல்லியிருக்கிறேன்: 'எதிர்த்தா கொளுத்திடுவோம்.' பண்ணையார் நெருப்பு வைத்ததே அதைச் சொல்லத்தான். அவருடைய செய்தியை ஐம்பது வருசம் கழித்து இன்னொரு தலைமுறைக்கு நான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

அதோடு அந்தப் படங்களில் இருந்தவர்களுக்கு நான் என்ன மரியாதை செய்தேன்? அவர்களைப் பிணமாக மட்டுமே என் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினேன். நம்முடைய இயக்கங்களும் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன. ஒவ்வொரு வருசமும் வீரவணக்கம், சுவரொட்டி, ஊர்வலம். பிள்ளைகள் கையில் கொடி கொடுத்து முன்வரிசையில் நிறுத்துகிறோம். எதற்கு நிற்கிறோம் என்று அவர்களிடம் உட்கார்ந்து பேசிய தலைவர் எத்தனை பேர்?

*

அடுத்த வருசம் புகைப்படங்களை எடுக்கவில்லை. ஒரு படியை எடுத்துக்கொண்டு போனேன். நெல் அளக்கிற பழைய இரும்புப் படி. கொஞ்சம் நெல்லும். பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அரைப்படி நெல்லை அளந்து ஒவ்வொருத்தர் கையாகக் கொடுத்தேன். "இது எவ்ளோ பேருக்குச் சோறாவும்?" ஒருத்தி, "குத்தி அரிசியாக்குனா எங்க வூட்ல ஒரு வேளைக்கே பத்தாது சார்" என்றாள். "இதக் கூடுதலாக் கேட்டதுக்குத்தான்" என்று ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகு கதை தானாக வந்தது. கீழ்த்தஞ்சையில் பண்ணையாள் என்றால் யார், சாணிப்பாலும் சவுக்கடியும் என்றால் என்ன, 1940களில் சீனிவாசராவ் போன்றவர்கள் வந்து செங்கொடி ஏற்றியபோது சேரி ஜனங்கள் எப்படி நிமிர்ந்தார்கள், 'அடிச்சா திருப்பி அடி' என்ற பேச்சு எப்படித் தெருத்தெருவாகப் போயிற்று. முதல் முறையாகக் கூலி பேசி வாங்கியவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும். அப்புறம் மிராசுதாரர்கள் தங்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்துக்கொண்டது, செங்கொடியை இறக்கச் சொன்னது, வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியது. இவ்வளவையும் நாலு சாயங்காலம் பேசினோம். ஐந்தாவது நாள்தான் 1968 டிசம்பர் 25 இரவுக்கு வந்தோம். அடியாட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஓட வழியில்லாத பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களும் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தார்கள். குடிசையைக் கொளுத்தினார்கள். 44 பேர். இதற்கு மேல் நெருப்பைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அரைப்படி நெல்லின் கனம் அவர்கள் கையில் இன்னும் இருந்தது.

அதற்குப் பிறகு வரையச் சொன்னேன். நெருப்பை வேண்டாம். 24ஆம் தேதியை வரையுங்கள். அதற்கு முந்தின நாள் அந்தத் தெரு எப்படி இருந்திருக்கும்? கோழி மேய்கிற வாசல், அடுப்பு, வாய்க்கால், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கும் அக்கா, சங்கக் கொடிக் கம்பம். ஒரு பையன் ரெண்டு கிழவர்கள் வாய்ச்சண்டை போடுவதை வரைந்திருந்தான். "எங்க தாத்தா மாதிரி" என்றான். அந்த 44 பேரும் எரிவதற்காகப் பிறந்தவர்கள் இல்லை, இப்படி வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் என்பதை எந்தச் சொற்பொழிவாலும் என்னால் விளக்கியிருக்க முடியாது. அந்த வருசம் எந்த அப்பாவும் என்னைத் தேடி வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி வந்தது. "கூலி எல்லா ஊருலயும் கேட்டாங்கன்னு சொன்னீங்க. எரிஞ்சது மட்டும் ஏன் சார் நம்ம தெரு?" வெண்மணி வர்க்கப் போராட்டமா, சாதிக் கொடுமையா என்று நம்முடைய பத்திரிகைகளில் எத்தனை பக்கம் அடித்துக்கொண்டிருக்கிறோம்! எட்டாம் வகுப்புப் பையன் ஒரே வரியில் கேட்டுவிட்டான். செத்த 44 பேரும் தலித்துகள். கேட்டது கூலி. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து இன்னொன்றைச் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

*

இலக்கியத்தின் வழியாக வரலாற்றைச் சொல்லலாம் என்று பலரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் எந்த இலக்கியம்? வெண்மணி என்றதும் எல்லோரும் கைகாட்டுவது இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. அதில் நிலப்பிரபுவின் வெறிக்குக் காரணம் அவனுடைய ஆண்மைக் குறைவு என்று கதை போகும். கூலி கேட்டதற்காகவும் சாதித் திமிரிலும் நடந்த படுகொலையை ஒரு தனிமனிதனின் உடல் கோளாறாகச் சுருக்கிவிட்டால் என்ன ஆகும்? அவன் 'சரியாக' இருந்திருந்தால் வெண்மணி எரிந்திருக்காது என்று அர்த்தமாகும். எரிந்தவர்களோ அந்த நாவலில் பின்னணிக் கூட்டம். பெரியவர்கள் அதைப் படித்து விவாதிக்கலாம், விவாதிக்கவும் வேண்டும். வெண்மணியை முதன்முதலாகக் கேள்விப்படும் பிள்ளைக்கு அது வேண்டாம். விருது வாங்கிய புத்தகம் என்பதற்காக எதையும் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது.

நான் கொடுப்பது இரண்டு. ஒன்று பாமாவின் 'கருக்கு', 1992இல் வந்தது. அதில் ஒரு காட்சி. பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். பார்க்கிற சின்னப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் ஏன் அப்படித் தூக்கிப் போனார் என்று விளக்குகிறான். படிக்கும்போது நம் பிள்ளைகளும் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம் நிறுத்திவிடுகிறார்கள். 'நாமளும் சிரிச்சிட்டோமே' என்று ஒரு கூச்சம் வருகிறது பாருங்கள், அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எழுதியிருப்பதும் நம்ம பேச்சில். 'இப்பிடிக்கூட புஸ்தகத்துல எழுதலாமா சார்?' என்று கேட்காத பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் வாயைத் திறந்தாலே 'கொச்சை' என்று அடி வாங்கிய நாக்குக்கு அதுவே பாதி விடுதலை.

இன்னொன்று அம்பேத்கர் தன் சின்ன வயசைப் பற்றி எழுதியது. 1901. ஒன்பது வயசு. கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்காள் பிள்ளையோடும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறிப் போகிறார். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆளில்லை. பிள்ளைகளின் சாதியைக் கேட்ட ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறி நகர்ந்துபோகிறார். வண்டிக்காரன் எவனும் ஏற்றமாட்டேன் என்கிறான். ரெட்டைக் கூலிக்கு ஒருவன் ஒத்துக்கொள்கிறான், ஆனால் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்காததால் சாப்பிட முடியவில்லை. என்னுடைய பிள்ளைகளுக்கும் அதே வயசு. 'சட்டமேதை', 'சிலை', 'கோட்டு சூட்டு' எல்லாம் போய், தாகத்தோடு ராத்திரி வண்டியில் பயந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் கண்முன்னால் வருகிறான். இதையும் அம்பேத்கரின் மற்ற அனுபவங்களையும் வைத்து துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்த 'பீமாயணா' 2011இல் வந்தது. கட்டம் கட்டமாக இல்லாமல் பாம்பும் மயிலும் மீனுமாக, பழங்குடி மக்கள் சுவரிலும் தரையிலும் போடும் கோலங்களைக் கொண்டே பக்கங்களைப் பிரித்திருப்பார்கள். நம்ம கதையைச் சொல்ல அவன் கட்டம்தான் வேண்டும் என்று இல்லை. இது வரைகிற பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

தீர்ப்பையும் நான் இலக்கியமாகத்தான் படிக்கவைக்கிறேன். வெண்மணி வழக்கில் 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. நிறைய நிலமும் காரும் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துவந்து குடிசைக்கு நெருப்பு வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. அதே இரவில் மிராசுதாரர் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் கூலித் தொழிலாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களை நம்புவதில் யாருக்கும் கடினம் இருக்கவில்லை. "கார் வச்சிருக்கவங்க தப்புப் பண்ணமாட்டாங்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிடுவேன். அவர்களே பேசுவார்கள்.

*

பறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கலை என்றதும் நாம் உடனே பறையைக் கொண்டுவந்து பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். 90களில் பறையை விடுவதா, ஆயுதமாக எடுப்பதா என்று நமக்குள் நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். நான் எடுக்கச் சொன்ன கட்சி. இப்போதும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு பையன் தொடமாட்டேன் என்றான். "எங்கப்பா சாவுக்கு அடிக்கிறாரு சார். கிளாஸ்ல அதச் சொல்லித்தான் கேலி பண்றாங்க." மேடையில் பறை விடுதலையின் குரல். அந்தப் பையனுக்கு அது நாளைக் காலை பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் வசவு. அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு என்ன உரிமை? அவன் விரும்பியது களிமண். வைத்துக்கொண்டு பண்ணட்டும். பெருமை என்று நாம் சொல்வதையும் பிள்ளைகள் தலையில் கட்டி வைக்கக் கூடாது.

கலைக்கு என்ன சக்தி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வேன். ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ். வியன்னாவில் பிறந்த யூத ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரைத் தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு, கிடைத்த தாளில் எல்லாம் வரையக் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். போவதற்கு முன்னால் பிள்ளைகளின் படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். சுமார் 4,500 படங்கள். அவற்றில் பூவும் வீடும் பட்டாம்பூச்சியும் நிறைய. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் திரும்பவில்லை. படங்கள் இன்றைக்கும் பிராக் நகரில் இருக்கின்றன. அவர் அந்தப் பிள்ளைகளைச் சாவுக்குத் தயார்ப்படுத்தவில்லை. வதைமுகாமுக்குள்ளும் அவர்கள் பார்க்கவும் ஆசைப்படவும் தெரிந்த மனிதர்களாக இருக்க வழி செய்தார்.

*

இதுவரை சொன்னது நம் தெருப் பிள்ளைகளைப் பற்றி. ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற அரசுப் பள்ளி வகுப்பில் என்ன செய்வது? இதைப் படிப்பவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள், ஆசிரியப் பயிற்சியில் இருக்கிற மாணவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு மூன்று விசயம்.

நாடகம் போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் 'நீ பண்ணையார், நீ பண்ணையாள்' என்று வேசம் பிரிக்காதீர்கள். எந்தப் பிள்ளை எதுவாக வரும் என்று உங்களுக்கே தெரியும். மேடையில் வாங்குகிற அடியை அந்தப் பிள்ளை ஏற்கெனவே வெளியில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றிப் போட்டாலும் அடுத்த நாள் சண்டை வரும்.

தலித் பிள்ளையைப் பார்த்து 'நீ உன் அனுபவத்தைச் சொல்லு' என்று எழுப்பிவிடாதீர்கள். வகுப்புக்குப் பாடம் நடத்துவது அதன் வேலை இல்லை, உங்கள் வேலை. தானாகப் பேசினால் பேசட்டும்.

மூன்றாவது முக்கியமானது. ஊர்ப் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள், அதற்காக அவர்களை விட்டும் விடாதீர்கள். என் நண்பர் ஒருவர் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். எட்டாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்: 'உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக. அவர்கள் சின்ன வயதில் நிலத்தில் வேலை செய்தவர்கள் யார்? அவர்களுக்குக் கூலி எவ்வளவு? தண்ணீர் எதில் கொடுத்தார்கள்?' எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்விதான். நம் தெருப் பிள்ளைகள் 'கொட்டாங்கச்சியில குடிச்சோம்' என்று எழுதிவந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளில் சிலர் 'கொட்டாங்கச்சியில ஊத்துனோம்' என்று எழுதிவந்தார்கள். ஒரே கொட்டாங்கச்சியின் இரண்டு பக்கமும் ஒரே வகுப்பில் சந்தித்துக்கொண்டன. ஒரு பிள்ளை 'எங்க பாட்டி சொல்லிட்டு அழுதாங்க' என்று எழுதியிருந்தது. மறுவாரம் தலைமையாசிரியர் என் நண்பரைக் கூப்பிட்டு, "ஊருல பிரச்சினை பண்ணப் பாக்குறீங்களா?" என்று கேட்டு விளக்கம் எழுதி வாங்கினார். கொட்டாங்கச்சியில் ஊற்றியது பிரச்சினை இல்லை. அதை நோட்டில் எழுதியதுதான் பிரச்சினை.

பயம் அவருக்கு மட்டும் இல்லை. திருவிதாங்கூரில் சாணார்ப் பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காகப் போராடிய வரலாறு மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பகுதியாக இருந்தது. 2016இல் 'இதிலிருந்து தேர்வில் கேள்வி வராது' என்று சிபிஎஸ்இ சுற்றறிக்கை விட்டது. 2019இல் அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். யூதப் படுகொலையை எலிகளும் பூனைகளுமாகப் படக்கதையாக வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மேனின் 'மௌஸ்' புத்தகத்தை, 2022 ஜனவரியில் டென்னிசி மாநிலத்தின் மெக்மின் வட்டாரப் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து தூக்கியது. காரணம், சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமுமாம். இலட்சக்கணக்கில் மனிதர்களைக் கொன்றது பிள்ளைகளைக் கெடுக்காதாம், ஒரு நிர்வாணப் படம் கெடுத்துவிடுமாம். 'சின்னப் பிள்ளைகள் பாவம்' என்று எவன் சொன்னாலும், அவன் எந்தப் பிள்ளைகளைச் சொல்கிறான் என்று கேளுங்கள்.

பாடத்திட்டத்தில் வெண்மணியும் முதுகுளத்தூரும் மேலவளவும் வர வேண்டும் என்று போராடத்தான் வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 1855இல் முக்தா சால்வே என்ற பதினான்கு வயது மாங் சாதிப் பெண், மகர்களும் மாங்குகளும் படும் துயரத்தைப் பற்றி மராத்தியில் ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' பத்திரிகை அதை வெளியிட்டது. அவள் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியின் மாணவி. நம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் வயசு. அவளுக்கு எந்த அரசும் பாடத்திட்டம் போட்டுத் தரவில்லை. கேட்பதற்கும் எழுதவைப்பதற்கும் இரண்டு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேராக நாம் இருக்க முடியாதா? கல்லூரியில் படிக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் தெருவில் வாரம் ஒரு சாயங்காலம் போதும். பண்ணையாளாக இருந்த கடைசித் தலைமுறை இன்னும் சில வருசம்தான் நம்மோடு இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தாத்தா ஆயாக்களிடம் உட்காரவையுங்கள். ஒப்பாரியை, நடவுப் பாட்டை, கூலிச் சண்டையை அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதட்டும். வரையட்டும். பிழை திருத்தாதீர்கள்.

நந்தனைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. கதையில் வருகிறவர்களை எல்லாம் வரிசையாக எழுதச் சொன்னேன். கனவு கண்டது யார், குழி வெட்டியது யார், வேடிக்கை பார்த்தது யார், இறங்கியது யார், இதையெல்லாம் எழுதி வைத்தது யார். ஒரு வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தாள். கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள்.

"நந்தனோட அம்மா இதுல எங்க சார்?"

எனக்குத் தெரியவில்லை. "நீயே எழுது" என்று சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.